எந்த ஊர் ஜீவானந்தம்?

ஜீவானந்தத்திடம் எந்த ஊர் என்று கேட்டால் பதில் சட்டென்று வராது. கேட்ட ஆளை முதலில் மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். டெல்லிக்காரர் என்றால் சென்னை என்பார். சென்னைக்காரரிடம் அந்தப் பாச்சா பலிக்காது என்பதால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்பார். கோயில், பட்டு என்று பேசுகிறவருக்குக் காஞ்சிபுரம். கார் கம்பெனி ஆளுக்கு ஒரகடம். மணிமங்கலத்துக்காரரோ தண்டலத்துக்காரரோ நேருக்கு நேர் நின்று கேட்டால் மட்டும், வேறு வழியில்லாமல், வெள்ளேரித்தாங்கல் என்று சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

இதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை அந்த ரோட்டோரத்து ஆட்கள் எல்லோருக்குமே இந்தப் பழக்கம் உண்டு. எல்லா ஊரும் ஏதோ ஒரு பாக்கம், ஏதோ ஒரு தாங்கல். பெயரைச் சொன்னால் அது எங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லி மாளாது என்று ஆளுக்குத் தகுந்த ஊரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் அதை வாயோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜீவானந்தம் படித்தவர் அல்லவா, அச்சிலும் ஏற்றினார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் பாப்பம்மாள் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் துறை உதவிப் பேராசிரியர். கல்லூரி இருப்பதும் அதே வெள்ளேரித்தாங்கலில்தான். அவருடைய அப்பா நாகப்பன் கேழ்வரகு போட்ட கொல்லையில் இப்போது கல்லூரி பஸ்கள் நிற்கின்றன. நிலம் விற்ற கையோடு நாகப்பன் மாடி வைத்து ஒரு வீடு கட்டினார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு கீழ் வீட்டில் ஜீவானந்தமும் மனைவி ஜோதியும் இருந்தார்கள், மாடி வாடகைக்கு. ஜோதி ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அவள் பேச்சில் பாதி ஷிஃப்ட், மீதி ஓ.டி.

பாப்பம்மாள் என்பது கல்லூரியை ஆரம்பித்தவரின் தாயார் பெயர். நல்ல பெயர்தான். ஆனால் கருத்தரங்குகளில் அதைச் சொல்ல ஜீவானந்தத்துக்கு நாக்குக் கூசும். பாப்பம்மாள் என்று ஒரு பேர், வெள்ளேரித்தாங்கல் என்று ஒரு ஊர், இரண்டையும் சேர்த்து ஒரே வரியில் எழுதினால் எவன் மதிப்பான் என்பது அவர் கட்சி.

ஆள் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். வண்டிகளின் பிரேக் பேடில் தேங்காய் நாரைச் சேர்த்துச் செய்யலாம் என்பது அவருடைய ஆராய்ச்சி. அந்தப் பேட் எவ்வளவு தேய்கிறது, எவ்வளவு சூடு தாங்குகிறது என்று பார்க்க உராய்வுச் சோதனை எந்திரம் ஒன்று வேண்டும். கல்லூரியில் அது கிடையாது. ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, லைன் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்க் கெஞ்சிக் கூத்தாடி அந்த எந்திரத்தில் வேலை செய்வார். செக்யூரிட்டி உள்ளே விடுகிறவரை டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்பார். தனக்கென்று ஒரு எந்திரம், தன் கையில் சாவி இருக்கிற ஒரு ஆய்வகம். வாழ்க்கையில் அவர் உண்மையாக ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

அந்த ஆசைக்குக் குறுக்கே வந்தவரை அவரே கூட்டிவந்து மாடியில் குடிவைத்தார்.

வனமாமலை நாங்குநேரிக்காரர். அதே துறையில் புதிதாகச் சேர்ந்து வீடு தேடி அலைந்துகொண்டிருந்தார். நம் மாடி காலியாகத்தான் இருக்கிறது என்று ஜீவானந்தம்தான் வலியச் சொன்னார். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று பிற்பாடு அவர் ஜோதியிடம் புலம்பியது இதைத்தான்.

வனமாமலை வேகமான ஆள் இல்லை. நெல் உமிச் சாம்பலை அலுமினியத்தில் கலந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். தமிழ்நாட்டில் பாதிக் கல்லூரிகளில் யாராவது ஒருவர் செய்துகொண்டிருக்கிற ஆராய்ச்சி அது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே யோசிப்பார். முதல் வருஷம் ஜீவானந்தம் அவரைப் பார்த்து இரக்கப்பட்டார். இரண்டாம் வருஷம் கேலி செய்தார். அதற்குப் பிறகு பொறாமைப்பட ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

பொறாமையை ஆரம்பித்துவைத்தது கூரியர். வனமாமலை எதை வரவழைத்தாலும் அது நேராக வீட்டு வாசலுக்கு வந்துவிடும். நாகப்பன் வீடு மாடி, ஏரிக்கரைத் தெரு, வெள்ளேரித்தாங்கல், ஸ்ரீபெரும்புதூர் வட்டம் என்று அவர் எழுதுவார். ஒரே முகவரியை நாலு விதமாக எழுத அவருக்குத் தெரியாது. ஜீவானந்தம் ஒரு தடவை ஒரகடம் என்று போடுவார், மறு தடவை சென்னைப் புறநகர் என்று போடுவார். அவருடைய பார்சல் ஒரகடம் ரவுண்டானாவைச் சுற்றிவிட்டுப் படப்பைக்குப் போய் அங்கிருந்து திரும்பிவிடும். வீட்டுக்குச் சொந்தக்காரர் தெருமுனையில் நின்றுகொண்டு, போனில் கத்திக் கத்தித் தன் வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பார். மாடியில் குடியிருப்பவர் பால்கனியில் நின்று தன் பார்சலைப் பிரித்துக்கொண்டிருப்பார். பார்க்க வயிறு எரியுமா எரியாதா?

இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள், ஆரம்ப காலத்தில். தேங்காய் நார் பேடுக்கு மாதிரித் துண்டுகள் செய்ய வனமாமலை உதவினார் என்று அவர் பெயரையும் இரண்டாவதாகச் சேர்த்துக்கொண்டார் ஜீவானந்தம். பெரிய மனசு என்று தன்னையே மெச்சிக்கொண்டார். பெயர்களுக்குக் கீழே முகவரி வரியில், கல்லூரிப் பெயரை பி.இ.சி. என்று சுருக்கி, சென்னை என்று தட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வனமாமலை கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"சார், நம்ம காலேஜ் சென்னையிலயா இருக்கு?" என்று கேட்டார்.

வெளிநாட்டுக்காரனுக்கு வெள்ளேரித்தாங்கலைப் பற்றி என்ன தெரியும், சென்னை என்றால் மேப்பைத் திறக்காமலே தெரியும், நீங்கள் என்ன அத்தைக்குப் போஸ்ட் கார்டா எழுதுகிறீர்கள் என்று ஜீவானந்தம் சிரித்தார். வனமாமலை வாதாடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் தனியாக எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றிலும் அந்த வரியைத் தன் இஷ்டப்படி போட்டுக்கொண்டார். இயந்திரவியல் துறை, பாப்பம்மாள் பொறியியல் கல்லூரி, வெள்ளேரித்தாங்கல், ஸ்ரீபெரும்புதூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம், அஞ்சல் எண், தமிழ்நாடு, இந்தியா. ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல ஒவ்வொன்றிலும் அதே வரி, அதே எழுத்து.

ஜீவானந்தம் அப்படியெல்லாம் கட்டுப்படுகிற ஆள் இல்லை. எந்தப் பத்திரிகைக்கு அனுப்புகிறாரோ அதற்கேற்ற ஊர். முனைவர் பட்டம் வாங்கிய நகரத்துப் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மதிப்பு அதிகம் என்பதால், பட்டம் வாங்கி வருஷக்கணக்கான பிறகும் சில கட்டுரைகளில் அதையே போட்டார். ஒரகடத்துக் கம்பெனி எந்திரத்தில் செய்த சோதனைகளுக்கு அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவையே தன் இடமாகப் போட்டுக்கொண்டார். கம்பெனியைக் கேட்டாரா என்றால், இல்லை. தன் பெயரைக்கூடச் சும்மா விடவில்லை. உள்ளூருக்கு ந. ஜீவானந்தம். ஐரோப்பியப் பத்திரிகைக்கு, அவர்களுக்கு இனிஷியல் புரியாது என்று, ஜீவா நாகப்பன்.

பிறகு கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. நுழைவாயிலில் பாப்பம்மாள் பெயர் இன்னும் பெரிதானது. ஆராய்ச்சிப் பிரிவுக்கு டீனாக உமாதேவி என்கிற அம்மையார் வந்தார். சத்தம் போட்டுப் பேசமாட்டார், ஆனால் அவர் பேசும்போது யாரும் போனை எடுக்கமாட்டார்கள். வந்த மாதமே எல்லாப் பேராசிரியர்களையும் கூட்டி வைத்து ஒரே விஷயத்தைப் பற்றி மதியம் முழுக்கப் பேசினார். கட்டுரையில் உங்கள் பெயருக்குக் கீழே நீங்கள் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று எழுதுகிற அந்த ஒரு வரி.

பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர் எல்லாக் கட்டுரையிலும் ஒரே எழுத்தில் வரவேண்டும் என்றார். சுருக்கெழுத்து கூடாது. துறையை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்தை விடக் கூடாது. ஊர்ப் பெயரைத் தபால் ஆபீசில் இருக்கிறபடி எழுத வேண்டும். ஆராய்ச்சியை எங்கே இருந்தபோது செய்தீர்களோ அந்த இடம்தான் முகவரி. நடுவில் வேறு இடத்துக்கு மாறியிருந்தால், இப்போதைய இடத்தை அடிக்குறிப்பில் சொல்லலாம். இரண்டு நிறுவனம் போடுவதானால் இரண்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இனிஷியலை முன்னால் வைக்கிறவர் கடைசிவரை முன்னாலேயே வைக்கட்டும். கட்டுரைகளைத் திரட்டி வைக்கிற தளங்களில் கணினிதான் சேர்க்கிறது, அதற்கு உங்கள் முகம் தெரியாது, அந்த வரிதான் தெரியும் என்றார்.

"ஒரு இடத்துல போய் மெஷினை யூஸ் பண்ணினா, கட்டுரையோட கடைசியில நன்றி சொல்லுங்க. நன்றி சொல்ல வேண்டிய இடத்தை முகவரியாப் போடாதீங்க" என்று அவர் சொன்னபோது ஜீவானந்தம் மேசைக்கடியில் கால் மாற்றி உட்கார்ந்தார்.

அவருக்குப் பக்கத்தில் வனமாமலை ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அப்படியேதான் செய்கிற மனுஷன், இதில் குறிக்க என்ன இருக்கிறது என்று ஜீவானந்தத்துக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியில் உமாதேவி இரண்டு சேதி சொன்னார். ஒரு வெளி நிறுவனத்தின் கூட்டுத் திட்டத்தில், உராய்வுச் சோதனை எந்திரம் ஒன்று வாங்கியாகிவிட்டது, மரப்பெட்டியில் வந்து இறங்கியிருக்கிறது. அதற்கு ஒரு ஆய்வகமும் அதற்கொரு தலைவரும் வேண்டும், தேர்வுக் குழு முடிவு செய்யும். கல்லூரி நாளில் வந்ததோ பல்கலைக்கழகமான பிறகு வந்ததோ, நம் பெயரில் வெளிவந்த கட்டுரைகள்தான் கணக்கில் வரும்.

எந்திரம் என்ற சொல் காதில் விழுந்ததுமே ஜீவானந்தத்துக்கு மற்றது எதுவும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் ஸ்டோருக்கு ஓடினார். அந்த மரப்பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். ஒரகடத்து கேட்டுக்கு வெளியே இனி நிற்க வேண்டியதில்லை. இந்தக் கல்லூரியில் உராய்வைப் பற்றித் தன்னைவிடத் தெரிந்தவர் யார் என்று நினைத்தபோது சிரிப்பே வந்துவிட்டது.

மறுவாரம் உமாதேவி இயந்திரவியல் துறைக்கே வந்து, ஆசிரியர்கள் எல்லோர் முன்னாலும் திரையில் அந்தத் தளத்தைத் திறந்து காட்டினார். பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொடுத்து, கூடவே வனமாமலை என்று தட்டினார். ஒரே ஆள். அவர் பெயருக்குக் கீழே கட்டுரைகள் வரிசையாக வந்து நின்றன. ஜீவானந்தம் என்று தட்டினார். மூன்றோ நாலோ கட்டுரை வந்தது, அதோடு நின்றுவிட்டது. பிறகு பல்கலைக்கழகத்தின் பெயரை எடுத்துவிட்டு, அவர் பெயரை மட்டும் தேடிப் பார்த்தார். நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஜீவானந்தம், ஒரகடத்துக் கம்பெனியில் ஒரு ஜீவானந்தம், சென்னை பி.இ.சி.யில் ஒரு ஜீவா நாகப்பன் என்று ஆளுக்கொரு திசையில் நின்றார்கள்.

"இதுல நீங்க யாரு சார்?" என்று உமாதேவி கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

எல்லாமே நான்தான் என்று ஜீவானந்தம் சொன்னார். பின் வரிசையில் யாரோ இருமலை அடக்குகிற மாதிரி சிரிப்பை அடக்கினார்கள். கட்டுரை எழுதுகிறவர்களுக்கென்று தருகிற அடையாள எண் ஒன்று வாங்கி, சிதறிக் கிடப்பதை ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி எழுதலாம் என்று உமாதேவி வழி சொன்னார். ஆனால் அச்சில் ஏறிய முகவரியை யாராலும் மாற்ற முடியாது என்றும், கம்பெனி பெயர் போட்டதற்குக் கம்பெனி ஆட்சேபித்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்தான் என்றும் சொன்னார். ஜீவானந்தத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் ஜோதியிடம் தன் தவற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வனமாமலையைப் பற்றியே பேசினார். உமிச் சாம்பலாம், ஊரே செய்கிறதாம், அதில் ஒரு புதுசு உண்டா, இந்த ஆளுக்குப் போய் இத்தனை கட்டுரையா என்று பொரிந்து தள்ளினார். மாடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும், இன்னும் எவ்வளவு தண்ணிதான் செலவு பண்ணுவார் என்று எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினார்.

"அவர் மேல காட்டற கோவத்த மோட்டார் மேல இன்னாத்துக்குக் காட்ற? நமக்கும் அதே டேங்க்தான்" என்றாள் ஜோதி.

அவள் சொன்னது சரிதான். குளிக்கத் தண்ணீர் இல்லாமல் அவரே போய் மறுபடி போட்டார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரகடத்துக்குப் போகவில்லை. காலையிலிருந்து உட்கார்ந்து வனமாமலையின் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஆராய்ச்சியைப் படிக்க இல்லை. முகவரி வரியில் ஒரே ஒரு பிசகு கிடைக்காதா என்று பார்த்தார். ஒரு எழுத்து கூடக் குறைய இருந்தாலும் போதும், அதை வைத்து உமாதேவியிடம் பேசிக்கொள்ளலாம். எதைத் திறந்தாலும் அதே வெள்ளேரித்தாங்கல். தன் சொந்த ஊரின் பெயர் தன்னைப் பார்த்துப் பல்லிளிப்பதாக ஜீவானந்தத்துக்குத் தோன்றியது. சாப்பாட்டுக்கு ஜோதி கூப்பிட்டதும் காதில் விழவில்லை. கடைசியில், இருப்பதிலேயே பழைய கட்டுரையில் கிடைத்தது. சென்னை என்று இருந்தது. வனமாமலையின் பெயருக்கு நேராக, பி.இ.சி., சென்னை.

அந்தச் சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோருக்கும் முன்மாதிரியாகக் காட்டப்பட்ட ஆசிரியரே முகவரியை மாற்றி எழுதியிருக்கிறார் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன் என்று பக்குவமாக எழுதி, கட்டுரையையும் இணைத்து உமாதேவிக்கு அனுப்பினார். சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது. ஒரே வரி. அந்தக் கட்டுரையைத் தயாரித்து அனுப்பிய முதன்மை ஆசிரியர் நீங்கள்தானே?

பொறாமை அவரை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டிருந்தது என்றால், அந்த வரியைத் தட்டியது தன் கைதான் என்பது அதுவரை அவருக்கு நினைவுக்கே வரவில்லை. வனமாமலையின் கணக்கில் இருந்த ஒரே தப்பு ஜீவானந்தம் செய்தது. மூக்கு உடைந்துவிட்டது, ஆனால் எரிச்சல் அடங்கவில்லை, கூடத்தான் செய்தது.

அந்த எரிச்சலோடு மாடிப்படியில் வனமாமலையை மடக்கினார். இப்படி ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் ஒருநாள் ஆதாயம் வரும் என்று முன்னமே தெரியுமா, யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். அவர் கேட்ட தோரணை திருட்டை விசாரிப்பது போல இருந்தது. வனமாமலை காய்ந்த துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"எங்க ஊர்லன்னா நான் யாரு, எவரு மகன்னு எல்லாருக்கும் தெரியும்லா சார். இங்க என்னைய யாருக்குத் தெரியும்? அந்த ஒத்த வரிதான் நான் யாருன்னு சொல்லுது. அதையும் மாத்தி மாத்தி எழுதுனா ஆளே காணாமப் போயிரும்லா."

அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் ஜீவானந்தம் சண்டை போட்டிருப்பார். கீழே இறங்கி வந்துவிட்டார்.

தேர்வுக் குழு கூடிய நாளில் இரண்டு பேரும் ஒரே பைக்கில்தான் கல்லூரிக்குப் போனார்கள். வனமாமலையின் வண்டி பஞ்சர். ஏற்றிக்கொள்ளாமல் போக ஜீவானந்தத்துக்கு ஆசைதான், ஆனால் ஜோதி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

குழுவில் வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் இருந்தார், கோயம்புத்தூர்க்காரர், பூனாவில் பெரிய வேலை. அவரோடு பேச ஆரம்பித்ததும் ஜீவானந்தத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. நார் எந்தச் சூட்டில் கருகும், பிசின் எப்போது விடும், தேய்மானம் எந்த இடத்தில் ஏறும் என்று எந்திரத்தின் பக்கத்தில் வெயிலும் எண்ணெயுமாகத் தெரிந்துகொண்டதை எல்லாம் கொட்டினார். நிபுணர் முன்னால் சாய்ந்து கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"ஜீவா நாகப்பன்னு சென்னையில ஒருத்தர் எழுதியிருந்தாருங்களே, இதே விஷயந்தான். அது நீங்களா?"

நான்தான் என்று ஜீவானந்தம் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார்.

நிபுணர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டார். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அவரோடு சேர்ந்து வேலை செய்யத் தாங்கள் ரொம்பப் பிரயத்தனப்பட்டதாகச் சொன்னார். அதிலிருந்த மின்னஞ்சல் பழைய பல்கலைக்கழகத்தோடது, எழுதினால் அப்படியே திரும்பி வந்தது. சென்னையில் பி.இ.சி. என்று எங்கே போய்த் தேடுவது? இரண்டாவது பெயராக இருந்தவரைத் தேடினார்கள். அவர் சுலபமாகக் கிடைத்தார்.

"வனமாமலைன்னு ஒரே ஆளு, ஊரு பேரோட முழு முகவரி. லெட்டர் போட்டோம், போய்ச் சேர்ந்துருச்சு. அந்தத் திட்டத்துலதானுங்க இந்த மெஷினே வந்துச்சு."

ஜீவானந்தம் பிறகு என்ன பேசினார் என்று அவருக்கே நினைவில்லை. அந்த எந்திரம் அவரைத் தேடித்தான் கிளம்பியிருக்கிறது. அவர் எழுதிய கட்டுரையைப் பிடித்துக்கொண்டு, அவர் ஊருக்கே, அவர் வீட்டுக்கே வந்து, கீழே நிற்காமல் மாடிப்படி ஏறிப் போய்விட்டது. வெளியே பெஞ்சில் வனமாமலை தன் முறைக்காகக் காத்திருந்தார். கூட்டுத் திட்டத்துக்கு அழைப்பு வந்தபோது நீங்களும் சேருங்கள் என்று சொன்னேனே சார், உமிச் சாம்பல்காரனுக்கு எதற்கு உராய்வு என்று சிரித்தீர்களே என்று அவர் ஞாபகப்படுத்தியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. அவர் செய்யாததும் ஜீவானந்தத்துக்குத் தாங்க முடியவில்லை.

ஆய்வகம் வனமாமலைக்குக் கிடைத்தது. ஜீவானந்தம் அதில் ஆராய்ச்சி உறுப்பினர், வேண்டும்போது எந்திரத்தைப் பயன்படுத்தலாம். சாவி வனமாமலையிடம். திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டது பஸ் நிறுத்துகிற இடத்தில், அதாவது நாகப்பனின் கொல்லையில். ஜெர்மனியிலிருந்து ஒரு விருந்தாளி வந்திருந்தார். பலகையில் உராய்வு ஆய்வகம், வெள்ளேரித்தாங்கல் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, அந்த நீளப் பெயரை எப்படிச் சொல்வது என்று வனமாமலையிடம் கேட்டார். வனமாமலை நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். வெள்ளைக்காரர் ளகரத்தோடு மல்லுக்கட்டி, மூன்றாம் தடவை சரியாகச் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தோடு விருந்தாளி ஜீவானந்தத்தின் பக்கம் திரும்பி, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார்.

ஜீவானந்தம் அவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். சென்னை என்று வாய் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். ஜோதி இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், பஸ் வருகிற நேரம். என்ன ஆயிற்று என்று அவள் கேட்கக்கூட இல்லை, அவரே ஆரம்பித்தார். ஆய்வகம் போனால் போகட்டும், எந்திரம் போனால் போகட்டும். அவருக்கு ஆறாதது வேறு.

"எங்கப்பன் கொல்லைல நின்னுக்கினு, எங்கூரு பேர எப்டி சொல்றதுன்னு அந்தாளு பாடம் எடுக்கறான். நான் பாத்துக்கினு நிக்கறேன். என் ஊரயே எடுத்துக்கினான் ஜோதி."

ஜோதி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"நீதான் வாணாம்னு வச்சிருந்த. அவரு எடுத்துக்கினாரு" என்று சொல்லிவிட்டு, சோறு அடுப்பு மேலே இருக்கிறது என்று காட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் தெருமுனை தாண்டியிருக்கமாட்டாள், ஜீவானந்தத்தின் போன் அடித்தது. கூரியர்க்காரர். உமாதேவி சொன்ன அடையாள எண்ணை வாங்கியதும் புதுசாக ஒரே மாதிரி முகவரியோடு விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்திருந்தார், அது வந்திருந்தது. ஆனால் கார்டை அனுப்ப வேண்டிய முகவரியில் மட்டும் கை பழக்கத்தில் ஒரகடம், சென்னை என்றே போட்டிருக்கிறார். கூரியர்க்காரர் ஒரகடம் ரவுண்டானாவில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார், குரலிலேயே கோபம் தெரிந்தது.

"சார், ரெண்டு ரவுண்டு வந்துட்டேன். எந்த ஊரு சார் நீங்க, கரெக்டா சொல்லுங்க."

"வெள்ளேரித்தாங்கல்" என்றார் ஜீவானந்தம். இந்தத் தடவை கடைசி எழுத்து வரைக்கும் சொன்னார். ஏரிக்கரைத் தெரு, நாகப்பன் வீடு என்றும் சொன்னார்.

மறுமுனையில் கூரியர்க்காரருக்கு வழி பிடிபட்டுவிட்டது.

"வனமாமலை சார் வூடா? அத மொதல்லயே சொல்றதில்ல?"

ஜீவானந்தம் மாடியை அண்ணாந்து பார்த்தார். கொடியில் வனமாமலையின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"ஆமாப்பா, அதே வூடுதான்" என்றார். "கீழ் வூடு."